மறுமொழி: 'கொடித்திரள்வு' பொருந்துமா? 'நொச்சி' என்றொரு யோசனை

அனைவருக்கும் வணக்கம்.

பெருந்தொற்றின்போது மக்களிடம் 'நாம்', 'அவர்கள்' என்ற உணர்வு கூடுவதற்கு நாம் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலத்தின் 'ராலி ரவுண்ட் த ஃப்ளாக்' (கொடியைச் சுற்றித் திரள்வது) என்பதை ஒட்டி ஐயா முன்வைத்த 'கொடித்திரள்வு' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

'ராலி ரவுண்ட் த ஃப்ளாக்' என்பதை ஆய்வுச் சொல்லாக்கியவர் அமெரிக்க அரசியல் அறிஞர் ஜான் முல்லர், 1970-ல். போர், நெருக்கடி வரும்போது அமெரிக்க அதிபரின் செல்வாக்கு சட்டென்று ஏறி, பிறகு மெல்ல இறங்குவதை அவர் ஆராய்ந்தார். அது தலைவர் மீதான ஆதரவைப் பற்றிய கணக்கு. 2020-ல் ஜெர்மனியின் அன்றைய சான்சலர் மெர்கலுக்கும் இத்தாலியின் அன்றைய பிரதமர் கோந்தேவுக்கும் ஆதரவு கூடியது அதில் அடங்கும். நாம் தேடுவது வேறு. பெருந்தொற்றின்போது சாதாரண மக்களிடம் 'நாம்', 'அவர்கள்' என்ற கோடு ஏன் அழுத்தமாக விழுகிறது? அதற்குத்தான் சொல் வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் படிக்கிற பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

இன்னொன்று, கொடி. மதுரையில் கொடி என்றதும் சித்திரைத் திருவிழாக் கொடியேற்றம் நினைவுக்கு வரும். அடுத்தது தெருமுனைக் கட்சிக்கொடி. தேசியக்கொடி அதற்கும் பிறகுதான்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கேற்றச் சொன்னார்களே, அன்று எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வாசலிலும் அகல் எரிந்தது. அதே வாரம் ஊர் எல்லையில் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டுப் பாதையை அடைத்தார்கள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரம், அதில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும். மே மாதம் சென்னையிலிருந்து ஒரு பையன் வந்தான். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன்தான். உள்ளே விடவில்லை. பதினான்கு நாள் தோப்பு மோட்டார் அறையில் கிடந்தான். அவன் அம்மா தூக்குவாளியை வரப்பில் வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். விளக்கேற்றிய கைதான் முள்ளையும் வெட்டியது. பெருநகரங்களில் வடகிழக்கு மாநிலத்தவரை 'கொரோனா' என்று ஏசியதும் அந்த நாட்களில்தான், அவர்களும் இந்நாட்டுக்காரர்களே. ஆக, கோடு நாட்டு எல்லையோடு நிற்கவில்லை. யார் எதைத் தன் மதில் என்று நினைத்தாரோ, அங்கெல்லாம் விழுந்தது.

மதில் என்றதும் எனக்குப் பழந்தமிழில் போரைப் பாடும் புறத்திணை நினைவுக்கு வந்தது. மதிலை வளைப்பது உழிஞை, உள்ளே நின்று காப்பது நொச்சி. அதனால் 'நொச்சி மனநிலை' என்று வைத்துக்கொள்ளலாமா? உள்ளே நெருங்கிக்கொள்வது, வெளியே கதவை அடைப்பது என்ற இரண்டும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. அந்த இரண்டு வருடமும் நொச்சித்தழை போட்டு ஆவி பிடித்த வீடுகளுக்குச் சொல்லும் அந்நியமாக இராது.

'நொச்சி வீரத்தைக் குறிப்பது, ஒதுக்குவதற்கு அதைச் சொல்வது தகுமா?' என்று அம்மா ஒருவர் தனிமடலில் கேட்டார். நியாயமான கேள்வி. நொச்சியைப் பொதுச்சொல்லாக வைத்து, அதற்குள் உள்நெருக்கத்தை 'அகத்திரள்வு' என்றும் வெளியாரை ஒதுக்குவதை 'அயல்விலக்கு' என்றும் பிரித்துவிடலாம். முதலில் 'இடர்விலக்கு' என்றுதான் எழுதிப் பார்த்தேன். மதுவிலக்கு என்றால் மதுவை விலக்குவது. அந்தக் கணக்கில் இடரையே விலக்குவதாகிவிடும். அயல்விலக்கில் அந்தச் சிக்கல் இல்லை.

விளக்கக் குறிப்பில் ஒரு எச்சரிக்கை வேண்டும். 2020 ஜூன் 15-ல் லடாக் எல்லையில் கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துப் பழனியும் அவர்களில் ஒருவர். அதன் பிறகு சீனாவின் மேல் எழுந்த கோபத்தில் தொற்றின் பங்கு எவ்வளவு, எல்லையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். அதனால் 'நோயச்சத்தால் எழும்' என்ற தொடரை விளக்கத்தில் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

'நொச்சி மனநிலை' என்பதை விட 'நொச்சியுணர்வு' சுருக்கமாக இருக்குமா? எது நாவில் எளிதாக வருகிறது என்று சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.