வெயில் ஏறினால் நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி பெருகுமா, சாகுமா?

மன்னார்குடி உழவன்:
உலக வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினா நெல், கோதுமை, மக்காச்சோளத்துல பூச்சியால வர்ற இழப்பு 10 முதல் 25 சதவீதம் கூடும்னு 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு. இங்க எல்லாரும் அதையே எடுத்துப் போடுறாங்க. டெல்டாவுக்கு இது பொருந்தாது. குறுவைப் போகத்துல வெயில் கொளுத்துறப்ப, நெல்லுச் சாறை உறிஞ்சுற புகையான் அவ்வளவா வராது. ஐப்பசி, கார்த்திகையில மூடாப்பு போட்டுப் புழுங்குறப்பதான் வட்டம் வட்டமா பயிர் தீயுது. வெயில் கூடினா பூச்சி சாகும், அவ்வளவுதான்.

பூச்சியியல் மாணவி:
பாதி சரி அண்ணே. புகையானுக்கு 25லேர்ந்து 30 டிகிரி வரை ரொம்பத் தோது. அந்தச் சூட்டுல முட்டையிலேர்ந்து தாய்ப்பூச்சி ஆக ஒரு மாசம்கூட ஆகாது. 35ஐத் தொட்டா குஞ்சுகள் பெரும்பாலும் தேறாது. அதோட உடம்புக்குள்ள சத்து தயாரிச்சுக் கொடுக்குற ஈஸ்ட் மாதிரி நுண்ணுயிரும் குறைஞ்சுடும். நீங்க சொல்ற ஆய்வே, சேதம் அதிகமா கூடப்போறது குளிர்ந்த நாடுகள்லதான்னு சொல்லுது.

ஆனா வானிலை அறிக்கையில வர்ற 36 டிகிரி புகையானுக்கு எட்டுதா? அது இருக்கிறது தூரோட, அதாவது நெல் தண்டோட அடியில, தண்ணிக்குக் கொஞ்சம் மேல. நெருக்கி நட்டு, யூரியா அள்ளிப் போட்டு, இலை மூடிக்கிட்ட வயல்ல குனிஞ்சு குத்தை (பல தூர் சேர்ந்த கொத்தை) விலக்கி வெப்பமானியை வச்சுப் பாருங்க. மேல இருக்கிறதைவிடக் கம்மியாத்தான் காட்டும். வெளிய கொளுத்தினாலும் உள்ள அதுக்கு நிழலும் ஈரமும் இருக்கு.

மன்னார்குடி உழவன்:
அப்ப குத்தம் யூரியா மேல, வெயில் மேல இல்லை. பைரித்ராய்டுங்கிற பூச்சிமருந்து அடிச்ச வயலைப் பாருங்க: சிலந்தியும், புகையான் முட்டையை உறிஞ்சுற மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்துடும். அப்புறம் புகையான் முன்னைவிட அதிகமா வரும். காலநிலை மேல பழி போட்டா மருந்து விக்கிறவங்களுக்குத்தான் வசதி.

மருந்துக்கடை:
வேண்டாம்னு சொன்னா அடுத்த கடையில வாங்கிடுறாங்க. அதையும் எழுதுங்க.

பூச்சியியல் மாணவி:
யூரியா, மருந்து ரெண்டையும் ஒத்துக்கிறேன். அதுக்காக சூட்டை விட்டுட முடியாது. பூச்சிக்குன்னு தனியா உடம்புச் சூடு கிடையாது, சுத்தி இருக்கிறதுதான் அதுக்கும். ஐப்பசியில மழை விட்டு, ராத்திரியும் சூடு இறங்காம இருந்தா முட்டை சீக்கிரம் பொரிக்கும். ஒரு தாய்ப்பூச்சி நூத்துக்கணக்குல முட்டை வைக்கும். ஒரே போகத்துல இன்னொரு தலைமுறை நுழைஞ்சா என்ன ஆகும்னு கணக்குப் போடுங்க. 32 டிகிரி வரை மிரிட் பூச்சியும் வேகமா வேட்டையாடும், 35ல மந்தமாயிடும். அது நமக்காக உழைக்கிற நேரத்துல பைரித்ராய்டு அடிக்கிறதுதான் பெரிய கொடுமை. தூருக்கு ஒரு பூச்சி இருந்தாத்தான் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தா, தூருக்கு ரெண்டு வர்ற வரை பொறுக்கலாம்.

மன்னார்குடி உழவன்:
எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது இடைவெளி விட்டு நடச் சொல்றது எதுக்கு? காத்தும் வெயிலும் அடி வரைக்கும் இறங்கத்தானே? அப்ப வெயில் புகையானுக்கு எதிரிதான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ராத்திரிச் சூடு யோசிக்க வேண்டிய விஷயம், சரி. குறுவைக்கு அடுத்த போகமான தாளடி நட்டவங்க வரப்புல நின்னு பார்க்காம, உள்ள இறங்கி தூரைத் தட்டிப் பாருங்க.