ஐப்பசி, கார்த்திகையில் தூண்டில்: தண்ணீர் ஏறும்போதா, வடியும்போதா?

ஏரிக்கரையான், செங்கல்பட்டு

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று தூண்டிலைப் பரணில் ஏற்றிவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஏரி மீனுக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. எந்த நாளில் போவது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறோம். அவரவர் பக்கத்து ஏரி, ஆறு, அணையில் தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறது, மீன் எங்கே நிற்கிறது என்று அளவோடு எழுதுங்கள். ஏரியை நான் தொடங்கிவைக்கிறேன்.

முதல் இரண்டு மழைக்குப் போகவே வேண்டாம். கோடையில் காய்ந்த சாணி, சருகு, வயலில் தெளித்த மருந்து எல்லாவற்றையும் வரத்துக் கால்வாய் அடித்துக்கொண்டு வந்து ஏரியில் கொட்டும். குளிர்ந்த மழைத் தண்ணீர் கனமானது. அது கீழே இறங்கும்போது அடியில் கிடந்த கெட்ட தண்ணீர் மேலே வரும். அதோடு மூன்று நாள் வெயில் இல்லாமல் மூட்டம் போட்டால் தண்ணீரில் காற்று குறைந்துவிடும். விடியற்காலையில் கெண்டையும் ஜிலேபியும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நிற்கும். அது பசியில்லை, மூச்சுத் திணறல். என்ன இரை போட்டாலும் தொடாது.

மூன்றாவது, நான்காவது மழைக்குப் பிறகு கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை அளவு ஆழத்திலேயே நகம் மறைந்தால் செந்நீர், அதாவது மண் கரைந்த மழைக் கலங்கல், இன்னும் தெளியவில்லை. அன்று மண்புழுதான், அதுவும் கரையிலிருந்து பத்தடிக்குள், தரையில் கிடக்கும்படி. முழங்கை வரை விட்டும் விரல் தெரிந்தால் மாவு உருண்டைக்கு மாறலாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் இரண்டு தூண்டில், ஆளுக்கொரு இரை.

இடம் பார்க்கக் காற்றைப் பாருங்கள். வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. மிதக்கும் பூச்சி, புல்விதை எல்லாம் தென்மேற்குக் கரையில் ஒதுங்கும். நம் பக்கத்து ஏரிகளில் கரை பெரும்பாலும் கிழக்கே, வரத்து மேற்கே. ஆகவே தென்மேற்கு மூலையில் வரத்துத் தண்ணீரும் காற்று தள்ளிய இரையும் சேர்கிற இடம் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

காவிரிக்கரை, கரூர்

ஏரிக்கரையான் அண்ணன் சொன்னது ஏரிக்கு முழுக்கச் சரி. ஆற்றில் கணக்கு வேறு. காவிரியில் ஆடிப்பெருக்குத் தண்ணீர் கர்நாடகத்து மழை. ஐப்பசியில் வருவது நம் ஊர் மழை, கிளை ஆறுகள் வழியாக வருகிறது. மேட்டூரிலிருந்து இறங்குகிற தண்ணீர் அணையில் தேங்கித் தெளிந்தது. அமராவதியில் மழை பெய்தால் அது செம்மண் கரைசலாக வரும். திருமுக்கூடலூரில் இரண்டும் சேர்கிற இடத்துக்குக் கீழே பச்சையும் சிவப்புமாக ஒரு கோடு கொஞ்ச தூரம் கலக்காமல் ஓடும். அந்தக் கோட்டை ஒட்டித் தெளிந்த பக்கத்தில் மீன் நிற்கும். கலங்கல் இரையைக் கொண்டுவருகிறது, தெளிந்த தண்ணீரில் அதைப் பார்க்க முடிகிறது. கோட்டுக்குச் சிவப்புப் பக்கமாக எறிந்து, ஓட்டம் இரையைக் கோட்டுக்கு இழுத்து வரும்படி விடவேண்டும்.

ஆற்றில் ஏறும் தண்ணீரில் மீன் ஓரத்துக்கு வரும், வடியும் தண்ணீரில் பள்ளத்துக்குப் போகும். ஏறும்போது நாணல் அடி, படித்துறை ஓரம், கிளை வாய்க்கால் வாய். வடியத் தொடங்கிய இரண்டாம் நாளிலிருந்து மடு. கரையில் ஒரு குச்சியை நட்டுத் தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். அரைமணிக்கு நான்கு விரல் ஏறினால் சாமானைக் கட்டுங்கள், மேலே ஷட்டர் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஓட்டத் தண்ணீருக்கு உருண்டை ஈயம் உதவாது, உருண்டுகொண்டே போகும். தட்டை ஈயம், 40 முதல் 60 கிராம். தூண்டில் முள்ளுக்கும் ஈயத்துக்கும் நடுவில் ஒன்றரை அடி நரம்பு (தூண்டில் நூல்). அதற்குக் கீழே குறைத்தால் கெளுத்தி தவிர வேறு எதுவும் எடுக்காது.

புதுத்தூண்டில்

அண்ணே, நான் மாவு பிசைந்தால் எறியும்போதே கழன்று போகிறது. முள் எண், நரம்பு கனம் இரண்டையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

ஏரிக்கரையான், செங்கல்பட்டு

தம்பி, மழைக்காலத்தில் மாவு காற்றிலிருக்கும் ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும். வெயில் காலத்து அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் இளகிவிடும். இதை எடுத்துக்கொள்: கடலைப் புண்ணாக்கு 200 கிராம் இடித்துச் சலித்தது, வறுத்த அரிசித்தவிடு 100 கிராம், மைதா 60 கிராம். முதலில் புண்ணாக்கையும் தவிட்டையும் கலந்து, தண்ணீரைக் கையால் தெளித்து, பிடித்தால் பிடிக்கிற, உதிர்த்தால் உதிர்கிற பதத்துக்குக் கொண்டுவா. அரைமணி மூடி வை. புண்ணாக்கு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும், இந்த அரைமணி பொறுக்காதவர்களுக்குத்தான் மாவு கழல்கிறது. பிறகு மைதாவைத் தூவிப் பிசை. கரையில் இளகினால் தண்ணீரைத் தொடாதே, காய்ந்த தவிடு ஒரு கைப்பிடி சேர். நெல்லிக்காய் அளவு உருட்டி முள் நுனி மட்டும் வெளியே தெரியும்படி அழுத்து. ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார், ஐந்து நிமிடத்தில் ஓரம் கரையத் தொடங்கி, பதினைந்து நிமிடம் வரை முள்ளில் நின்றால் சரியான பதம்.

முள் எண் கூடக்கூட அளவு சிறுக்கும், இதைத் தலைகீழாக நினைத்து வாங்கிவிடாதே. ஜிலேபிக்கு 10, ரோகு மிர்காலுக்கு 6 அல்லது 8. நரம்பு ஜிலேபிக்கு 0.20 மில்லிமீட்டர், ரோகுவுக்கு 0.30. விராலுக்கு 1/0, 2/0 என்று போட்டிருக்கும் பெரிய முள்.

தக்கையின் பேச்சையும் கற்றுக்கொள். கட்லா மேல்தண்ணீர், ரோகு நடு, மிர்கால் அடி. அடியில் கிடக்கிற இரையை மிர்கால் எடுத்துத் தலையைத் தூக்கும்போது ஈயத்தின் கனம் தக்கையை விட்டு விலகும். தக்கை மூழ்காது, எழுந்து சாய்ந்து படுத்துக்கொள்ளும். மூழ்கட்டும் என்று காத்திருக்கிறவர் அந்த மீனை இழந்துவிடுகிறார். ஜிலேபி டுக் டுக்கென்று தட்டிவிட்டுப் பக்கவாட்டில் இழுக்கும். கெளுத்தி ஒரே இழுப்பு.

வாய்க்கால் வரப்பு, மன்னார்குடி

விரால் பற்றி யாரும் எழுதவில்லையே. சம்பா நட்ட வயலில் தண்ணீர் கட்டி நிற்கிறபோது வாய்க்காலிலிருந்து விரால் வரப்பு உடைப்பு வழியாக வயலுக்கு ஏறும். அதற்குத் தண்ணீரில் காற்று குறைந்தால் கவலையில்லை, மேலே வந்து மூச்சு வாங்கிக்கொள்ளும். மற்ற மீன் வாய்மூடிக் கிடக்கிற மூட்டநாளில் விரால் எடுப்பதற்கு அதுதான் காரணம்.

ஆகாயத்தாமரைக்கு நடுவில் கை அகல இடைவெளி இருக்கும். அதில் ஒரு சின்னக் குமிழ், அதற்குப் பிறகு மெல்ல விரியும் ஒரே ஒரு வளையம். தவளை குதித்தால் வளையம் கோணலாக வரும், விரால் மூச்சு வட்டமாக வரும். அந்த இடத்திலேயே எறிந்தால் ஓடிவிடும். நான்கடி தள்ளி எறிந்து, ரப்பர் தவளையை இலைமேல் ஏற்றி, இடைவெளியில் நழுவவிட்டு மூன்று எண்ணிக்கை நிறுத்துங்கள். தண்ணீர் வெடித்ததும் இழுக்காதீர்கள். விரால் முதலில் கவ்வி, பிறகுதான் திருப்பி உள்ளே வாங்கும். நரம்பு இறுகின பிறகு ஓங்கி ஒரே இழுப்பு. தாமரைக்குள் தலையை நுழைத்துவிட்டால் நரம்பு அறும், ஆகவே 30 பவுண்டு பின்னல் நூலுக்குக் குறைந்து கட்டவே கூடாது. உயிர்த் தவளையைக் குத்துகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள், ரப்பர் தவளையே போதும்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். தண்ணீரின் மேல் தாம்பாளம் அளவுக்குச் செம்பட்டையாகக் கொதிப்பதுபோல் தெரிந்தால் அது விரால் குஞ்சுக் கூட்டம். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். குஞ்சுக்கு அருகே எது விழுந்தாலும் அவை பாய்ந்து கவ்வும், அதனால் பிடிப்பது மிக எளிது. அந்த மீனை எடுத்தால் குஞ்சு அத்தனையும் ஒரே நாளில் மற்ற மீன்களுக்கு இரை. அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள்.

பண்ணவாடிப் பரிசல்

மேட்டூர் அணைக்கு ஒரு வார்த்தை. முழு மட்டம் 120 அடி. நன்றாக வற்றினால் பண்ணவாடியில் நந்தி சிலை வெளியே தெரியும். அப்படி வற்றிய காலத்தில் நீர்த்தேக்கத் தரையில் பயிர் வைப்பார்கள். மட்டம் மறுபடி ஏறும்போது அந்தப் பயிரின் அடித்தாள்மேல் நான்கைந்து அடி தண்ணீர் நிற்கிற இடம்தான் ஜிலேபிக்கும் ரோகுவுக்கும் மேய்ச்சல் நிலம். அணையைப் பொறுத்தவரை என் பதில், ஏறும்போதுதான். மட்டம் இறங்குகிற நாளில் ஓர மீன் ஆழத்துக்குப் போய்விடும், கரையிலிருந்து எட்டாது.

கார்த்திகை பாதிக்கு மேல் விடியற்காலையில் போவதில் பயனில்லை. இரவுக் குளிரில் ஓரத்தண்ணீர் சில்லிட்டிருக்கும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் பட்ட கல்கட்டு ஓரமாகப் போங்கள்.

அணையில் மீன்வளத் துறை உரிமம் இல்லாமல் இறங்காதீர்கள். ஏரி, கண்மாய் என்றால் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரைக் கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள். குஞ்சு வாங்கிவிட்டுப் பணம் போட்டவர் அவர்.

வேம்பார்ப் பேத்தி, மதுரை

பிடிப்பதை மட்டும் எழுதுகிறீர்கள் அண்ணன்மாரே, சட்டிக்கு வருவதையும் சொல்கிறேன். செந்நீர்க் காலத்து மீனில் சேற்று வாடை இருக்கும். விரால், கெளுத்தி என்றால் நல்ல தண்ணீர்த் தொட்டியில் ஒருநாள், முடிந்தால் இரண்டு நாள் உயிரோடு விடுங்கள், இரை போடவேண்டாம். அயிரையைத் தேங்காய்ப் பாலில் விட்டால் மண்ணைக் கக்கிவிடும். பிறகு மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவவேண்டும், வழுவழுப்பு போய்ச் சட்டியில் சரசரவென்று சத்தம் கேட்கும் வரை. கெண்டைக்குப் புளித்த மோரும் மஞ்சளும் கால்மணி நேரம்.

காவிரிக்கரை, கரூர்

கெளுத்தி, தேளி எடுக்கிறவர்கள் கவனத்துக்கு. கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. தேளிக்குப் பக்க முள் இரண்டு மட்டும். வயிற்றுப் பக்கமாக உள்ளங்கையைக் கொடுத்து, பக்க முள்ளுக்குப் பின்னால் விரல் வரும்படி பிடிக்கவேண்டும். குத்திவிட்டால் பச்சிலை தேடாதீர்கள். பொறுக்கிற அளவு சுடுதண்ணீரில் கையை வையுங்கள், ஆறஆற மாற்றுங்கள், வலி அடங்க ஒருமணி நேரம்கூட ஆகும். அன்றே டிடி ஊசி. ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் தண்ணீரில் திருப்பி விடாதீர்கள். வளர்க்கவே தடை உள்ள மீன் அது, நம் மீனையெல்லாம் தின்று தீர்க்கிறது.

ஏரி நிரம்பிக் கலிங்கு (உபரித் தண்ணீர் வழியும் கல்கட்டு) மறுகால் போகிறபோது கீழே மீன் துள்ளுவது கண்ணைப் பறிக்கும். அந்தக் கல்தளத்தில் இறங்கவே கூடாது. விழுகிற தண்ணீர் சுழன்று ஆளை அடியிலேயே வைத்துக்கொள்ளும், நீச்சல் தெரிந்தும் பயனில்லை. ஐம்பது அடி கீழே ஓட்டம் அடங்குகிற இடத்தில், கரையில் நின்றபடியே எறியலாம். துள்ளுகிற மீன் களைத்து அங்கேதான் ஒதுங்கும். இடி கேட்டதும் கோலைக் கீழே போட்டுவிட்டு விலகுங்கள், கார்பன் கோல் மின்சாரத்தை வாங்கும்.

புதுத்தூண்டில்

மாவை அரைமணி மூடி வைத்துப் பிசைந்து வாளியில் போட்டுப் பார்த்தேன் அண்ணே. பன்னிரண்டு நிமிடம் நின்றது.

ஏரிக்கரையான், செங்கல்பட்டு

மைதாவை இன்னும் 10 கிராம் கூட்டு தம்பி.