17.4 வயசுக்கு மேல புது மொழி வராதாமே!

ஒற்றெழுத்து: பக்கத்து இழையில அரைச்சந்திரன் எழுதினது: "17.4 வயசோட மூளையில மொழிக் கதவு சாத்திக்கும். அதுக்கு மேல புது மொழி படிக்கிறது வெட்டி வேலை. ஆராய்ச்சியே சொல்லுது." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்த ஆராய்ச்சி 2018-ல ஹார்ட்ஷோர்ன், டெனன்பாம், பிங்கர் வெளியிட்டது. இணையத்துல ஆங்கில இலக்கண வினாடி வினா வெச்சு, சுமார் 6,70,000 பேரோட விடைகளை அலசினாங்க. அதுல 17.4 என்பது கத்துக்கிற வேகம் இறங்க ஆரம்பிக்கிற வயசு. நின்னுபோற வயசுன்னு எங்க இருக்கு?

அரைச்சந்திரன்: இறங்கினா என்ன, நின்னா என்ன? ஆறரை லட்சம் பேர். தசமப் புள்ளியோட விடை. அதே கட்டுரையில, தாய்மொழிக்காரர் அளவுக்கு வரணும்னா 10-12 வயசுக்குள்ள தொடங்கணும்னும் இருக்கே, அதை மட்டும் ஏன் சார் முழுங்கிட்டீங்க?

ஒற்றெழுத்து: முழுங்கல, அதுக்குத்தான் வரேன். இலக்கணம் முழுசா படிய பல வருஷம் பிடிக்கும். 12-க்கு மேல தொடங்கினவருக்கு, வேகம் இறங்குறதுக்கு முன்னாடி போதுமான வருஷம் மிச்சமில்ல. காரணம் அவ்வளவுதான். அப்புறம் அந்த தசமப் புள்ளி. 17.4-ஐ யாரும் அளக்கல. ஒருத்தரையும் வருஷக்கணக்கா பின்தொடரல. இப்போதைய வயசு, தொடங்கின வயசு, பழகின வருஷம் மூணையும் ஒரு சமன்பாட்டுல போட்டு, கத்துக்கிற வேகத்தோட வளைவு எங்க உடையுதுன்னு தேடினாங்க. சமன்பாட்டை மாத்தினா புள்ளியும் நகரும்.

குறில்_நெடில்: வான் டெர் ஸ்லிக் என்பவரின் ஆய்வுக் குழு அதே தரவை, யார் எப்படிக் கற்றார்கள் என்று வகை பிரித்து மறுபடி கணக்கிட்டது. எல்லோருக்கும் பொதுவான ஒரே முறிவு வயது என்ற வாதம் அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது. இதை நான் போன மாதமே இங்கே எழுதினேன். அப்போது ஒருவரும் சீண்டவில்லை.

அரைச்சந்திரன்: உங்களைச் சீண்டாததுக்கு 17.4 என்ன பண்ணும்? 1989 ஜான்சன்–நியூபோர்ட் ஆய்வைப் பாருங்க. அமெரிக்காவுக்குக் குடிபோன கொரிய, சீனத் தாய்மொழிக்காரங்க 46 பேர். சின்ன வயசுல போனவங்ககிட்ட, போன வயசு கூடக் கூட இலக்கண மதிப்பெண் நேரா இறங்குது. 17-க்கு மேல போனவங்ககிட்ட வயசுக்கும் மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவே இல்ல. 20-ல போனாலும் 35-ல போனாலும் ஒண்ணுதான். கதவு சாத்தியாச்சுன்னா இப்படித்தானே இருக்கும்?

ஒற்றெழுத்து: அடடா, 46 பேர்! ஆறரை லட்சம்னு மார்தட்டினவர் இப்ப 46-க்கு இறங்கிட்டாரு. சரி, அதே தேர்வை பேர்ட்சாங்கும் மோலிஸும் ஸ்பானியத் தாய்மொழிக்காரங்களுக்கு வெச்சாங்க, 2001-ல. அங்க 17-க்கு மேலயும் சரிவு தொடர்ந்துச்சு. பெரியவங்களா வந்து தாய்மொழிக்காரர் அளவுக்கு மதிப்பெண் எடுத்தவங்களும் இருந்தாங்க. சாத்தின கதவு இன்னும் மெதுவா சாத்திக்கிட்டே இருக்குமா? கொரியன், சீனத்தைவிட ஸ்பானியம் ஆங்கிலத்துக்குக் கிட்ட. அந்த வித்தியாசத்தை வயசு தலையில கட்டக் கூடாது.

மெய்ப்பு: ரெண்டு பேரும் இலக்கணத்தையே பிடிச்சுத் தொங்குறீங்க. ஒலிகளைப் பிரிச்சுக் கேக்கிறதுக்கு 17.4 எல்லாம் ரொம்ப லேட்டுங்க. 1984 வெர்க்கர்–டீஸ் ஆய்வுல, ஆங்கிலம் பேசுற வீட்டுக் குழந்தைங்க 6-8 மாசத்துல இந்தியோட 'த', 'ட' வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சாங்க. 10-12 மாசத்துல அந்தத் திறமை பெரும்பாலும் போயிடுச்சு.

அரைச்சந்திரன்: பாத்தீங்களா, மெய்ப்பும் என் கட்சி.

மெய்ப்பு: ஆள் சேர்க்காதீங்க. போனது பயிற்சியில திரும்பி வரும். ஜப்பானியப் பெரியவங்களுக்கு 'ர', 'ல' பிரிக்கப் பழக்கின முறை இது: ஒரே ஒரு ஒலி மட்டும் மாறுற சொல் ஜோடிகளை எடுக்கணும். அஞ்சாறு பேர் குரல்ல பதிவு செய்யணும். ஒரு சொல்லை மட்டும் ஒலிக்கவிட்டு எதுன்னு சொல்லச் சொல்லணும், சரியா தப்பான்னு அந்த நிமிஷமே காட்டணும். மூணு வாரப் பயிற்சியிலேயே முன்னேற்றம் தெரிஞ்சுது. ஒரே குரல்ல பழக்கினாதான் வினை. அந்த ஆளோட குரலைத்தான் காது படிக்கும், புது ஆள் பேசினா பழைய குருடி கதவைத் திறடி.

அரைச்சந்திரன்: கேட்டுப் பிரிக்கிறது வேற, பேசுறது வேற. 17.4-க்கு பதில் வரல.

சும்மா_வந்தேன்: எப்படியோ, ரெண்டு மொழி தெரிஞ்சா மூளை கூர்மையாகுமாமே? மறதி நோய் நாலு வருஷம் தள்ளிப்போகுமாமே?

குறில்_நெடில்: ஆரம்பித்துவிட்டார்கள். 2007-ல் பியாலிஸ்டாக் குழுவும் 2013-ல் ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்த குழுவும் நோய் தள்ளிப்போவதாகச் சொன்னது உண்மை. கவனத்திறன் கூடும் என்பது வேறு கதை. 2019-ல் 9-10 வயதுச் சிறுவர் 4,500-க்கும் மேற்பட்டோரிடம் தேடியதில் அப்படி ஒரு அனுகூலம் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே உலையில் போடாதீர்கள்.

சும்மா_வந்தேன்: கேட்டது ஒரு கேள்வி, விழுந்தது ஒரு குட்டு. இதுக்குத்தான் இந்தப் பக்கம் யாரும் வர்றதில்ல.

ஒற்றெழுத்து: இழையைத் திசை திருப்பாதீங்க. அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிலையத்துல படிக்கிறவங்க எல்லாம் 17.4 தாண்டினவங்கதான். வேலைக்குப் போதுமான அளவு தமிழ் வர அங்க போடுற கணக்கு சுமார் 44 வாரம், ஆயிரத்துக்கும் மேல வகுப்பு மணி. ஸ்பானியத்துக்கு சுமார் 30 வாரம். வெட்டி வேலைக்கு ஒரு அரசாங்கம் சம்பளமும் கொடுத்து உட்கார வெக்குமா? பள்ளி வகுப்புக் கணக்கும் இருக்கு. பார்சிலோனாவுல 8 வயசுல ஆங்கிலம் தொடங்கினவங்களையும் 11-ல தொடங்கினவங்களையும் ஒரே அளவு வகுப்பு மணிக்குப் பிறகு சோதிச்சாங்க. பெரும்பாலான தேர்வுகள்ல 11 முந்திச்சு. வாரத்துக்கு ரெண்டு மூணு மணி மட்டும் மொழி காதுல விழுந்தா, சின்ன வயசோட அனுகூலம் வேலை செய்யாது.

அரைச்சந்திரன்: 11 என்பது 17.4-க்குக் கீழதான் சார். என் வாதத்தை நீங்களே நிரூபிச்சதுக்கு நன்றி.

ஒற்றெழுத்து: 8-ம் 17.4-க்குக் கீழதான்! அப்புறம் ஏன் 8 தோத்துச்சு? அந்த வினாடி வினாவுல உச்சரிப்பு இல்ல, சொல்வளம் இல்ல, பேச்சும் இல்ல. பெரும்பாலும் வாக்கியம் சரியா தப்பான்னு தட்டுற வேலை. அதுல வந்த எண்ணை வெச்சு மொழியே வராதுன்னு எழுதினது யாரு?

அரைச்சந்திரன்: இலக்கணம் இல்லாம மொழியா? நல்லா இருக்கு. 17.4.

மெய்ப்பு: இவருக்கு வேற எண்ணே தெரியாதா?

அரைச்சந்திரன்: நீங்க சொன்ன 10-12 மாசம் இன்னும் சின்ன எண்ணுங்க. அதைப் பத்தி ஒற்றெழுத்துகிட்ட ஏன் யாரும் கேக்கல?

ஒற்றெழுத்து: கேளுங்க. ஆனா முதல்ல 'நின்னுபோகும்'னு கட்டுரையில எந்தப் பக்கத்துல இருக்கு, அதைச் சொல்லிட்டுக் கேளுங்க. மறுபடியும் கேக்கறேன்.