காயல்பட்டினத்தின் 95 செ.மீ. மழையைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

வணக்கம் நண்பர்களே. மழைக்கணக்கும் புள்ளியியலும் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

எங்கள் ஊர்க் குளத்துக் கலுங்கை (உபரிநீர் வழிந்தோடும் அமைப்பை)ப் புதிதாகக் கட்டப் பேச்சு நடக்கிறது. 100 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய ஒருநாள் மழை எவ்வளவு என்று நானே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பக்கத்து மழைமானியில் ஒவ்வோர் ஆண்டும் பதிவான அதிகபட்ச மழையை எடுத்து, ஆர் (R) என்ற கணினி மொழியில், அரிய பெருமழைகளின் வாய்ப்பைக் கணிக்க உதவும் உச்சமதிப்புப் பரவலைப் பொருத்தினேன். 2022 வரை சிக்கலில்லை. 2023 டிசம்பரைச் சேர்த்ததும் வளைவின் வால், அதாவது அரிய பெருமழைகளைக் காட்டும் முனை, எகிறிவிடுகிறது; நம்பக இடைவெளியும் (உண்மை மதிப்பு எதற்குள் இருக்கலாம் என்ற எல்லை) தாறுமாறாக விரிகிறது. அன்று 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. கொட்டியதே, அந்த மழைதான்.

அந்த ஒரு புள்ளியை விட்டுவிடு என்கிறார் நண்பர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏரலில் சித்தி வீட்டுச் சுவரில், சுவிட்ச் பெட்டிக்கு மேலே, அந்த வெள்ளத்தின் சேற்றுக்கோடு இன்னும் அழியவில்லை. பெய்த மழையைப் பெய்யவில்லை என்று எப்படிக் கணக்கெழுதுவது?

சுற்றியுள்ள மழைமானிகளையும் சேர்த்து, எல்-மொமென்ட் முறையில் (ஒற்றை உச்சப் புள்ளியால் அதிகம் அசையாத புள்ளியியல் முறை) வட்டாரக் கணக்காகச் செய்யலாமா? ஒரே மழை எல்லா மானியிலும் பதிவாகியிருக்குமே, அதை என்ன செய்வது? இல்லை, ஒரு வரம்பைத் தாண்டிய மழைகளை மட்டும் எடுத்துப் பரேட்டோ பரவலைப் பொருத்துவதா? சரி, அந்த வரம்பை எப்படி முடிவு செய்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.