"படிச்சிட்டும் பூசைக்குப் போறியா?" – உங்களை விடாமல் உறுத்தும் ஒரு சந்திப்பைப் பகிருங்கள்

கடைசி பெஞ்ச்:
கத்தோலிக்கப் பட்டதாரி இளையோர் கூட்டம் எப்படி நடக்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு. புதிதாக வந்த இயற்பியல் பட்டதாரிப் பெண் ஒருவர், "பெருவெடிப்பு (Big Bang) உண்மைன்னா, கடவுள் உலகைப் படைச்சதா பைபிளின் தொடக்க நூல் சொல்ற ஆறு நாளை என்ன செய்யறது?" என்று கேட்டார். முன்வரிசையிலிருந்து உடனே பதில்: "பெருவெடிப்பைச் சொன்னவரே ஒரு கத்தோலிக்கக் குருதான்!" ஒரே கைதட்டல். அந்தப் பெண் நோட்டில் கேள்விக்குக் கீழே பதிலுக்காக அரைப்பக்கம் விட்டிருந்தார். அது காலியாகவே இருக்க, பேனாவை மூடிவிட்டார்.

அந்தக் குரு ஜார்ஜ் லெமேத்ர். அவர் குருவானது 1923. பிரபஞ்சம் விரிகிறது என்ற கட்டுரை 1927. பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்ற கருதுகோள் 1931. எல்லாம் சரி. ஆனால் 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அந்த அறிவியலைப் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது சங்கடப்பட்டவரும் இதே லெமேத்ர்தான். தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது என்பது அவர் நிலை. அவரைக் காட்டிக் கைதட்டல் வாங்குவது அவருக்கே பிடித்திருக்காது.

அடிக்குறிப்பு:
சகோ, லெமேத்ரை இழுத்தது தப்பில்லை. விசுவாசி அறிவியல் செய்ய முடியுமா என்று கேட்டால் அது நல்ல பதில். அந்தப் பெண் கேட்டது அதுவல்ல, அவ்வளவுதான். அவர் கையில் கொடுத்திருக்க வேண்டியது ஒரு பென்சிலும் தொடக்க நூல் முதல் அதிகாரமும். 1, 2, 3 நாள்களை இடப்பக்கம், 4, 5, 6 நாள்களை வலப்பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஒளிக்கு எதிரே சுடர்கள். நீருக்கும் வானத்துக்கும் எதிரே மீனும் பறவையும். நிலத்துக்கு எதிரே விலங்கும் மனிதரும். முதல் மூன்று நாளில் இடம் பிரிகிறது, அடுத்த மூன்றில் குடியேற்றம். கதிரவன் வருவது 4-ஆம் நாள், மாலையும் காலையுமோ 1-ஆம் நாளிலிருந்தே! எழுதியவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? கால அட்டவணை போடும் எண்ணமே அவருக்கு இல்லை.

இதைப் பார்த்த பிறகுதான் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இறை வெளிப்பாடு' (1965) ஆவணத்தில் 12-ஆம் எண் பத்தியைத் திறக்க வேண்டும். ஆசிரியர் சொல்ல வந்ததை இலக்கிய வகையைக் கணக்கில் கொண்டு தேடு என்கிறது அது. முதலிலேயே அதைப் படித்தால் தப்பிக்கச் சாக்கு மாதிரி இருக்கும்.

தொலைநோக்கி:
நான் பார்த்தது கலிலேயோ பற்றிய ஒரு வகுப்பு. "1992-லயே திருத்தந்தை தப்பை ஒத்துக்கிட்டாரு, ஃபைலை மூடுங்க" என்றார் வகுப்பு எடுத்தவர். திரையில் 1616-ம் 1633-ம் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. 1616-இல், பூமிதான் கதிரவனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்னிக்கஸின் நூல் திருத்தப்படும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. கலிலேயோ மீதான தீர்ப்பு 1633-இல். கூட்டத்தில் வரலாறு படித்த ஒருவர் இருந்தால் போதும், மானம் போய்விடும். "நட்சத்திர இடமாறு தோற்றம் (பூமி நகர்வதால் நட்சத்திரம் சற்று இடம் மாறித் தெரிவது) 1838 வரை அளக்கப்படவே இல்லையே" என்பதும் அடிக்கடி வரும் சப்பைக்கட்டு. தகவல் சரிதான். ஆனால் இன்னும் நிரூபி என்பது வேறு, கலிலேயோவிடம் கேட்டதுபோல மண்டியிட்டு உன் கருத்தை மறுத்துச் சொல் என்பது வேறு.

வாசக மேசை:
"இது நாத்திகன் கேக்கற கேள்வி, உக்காருப்பா" என்று ஒரு பையனை உட்கார வைத்ததைப் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் முறையைச் சொல்லிவிடுகிறேன். இடைக்கால இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் 'கடவுள் இருக்கிறாரா' என்று கேட்கும் இடத்தில் (இறையியல் தொகுப்பு, முதல் பாகம், 2-ஆம் கேள்வி, 3-ஆம் பிரிவு) முதலில் எழுதுவதே இரண்டு எதிர்வாதங்களைத்தான். ஒன்று, தீமை இருக்கிறதே. இரண்டு, இயற்கையும் மனித அறிவுமே எல்லாவற்றையும் விளக்கிவிடுகின்றனவே. இன்றைக்கு யூடியூபில் ஓடுவதும் இதேதான்.

கூட்டத்தையும் அப்படியே நடத்துங்கள். 8 முதல் 10 பேர், 90 நிமிடம், ஒரே கேள்வி. முதல் 20 நிமிடம் எதிர்வாதம் மட்டும், அதையும் விசுவாசத்தில் உறுதியானவரே எடுத்து வைக்கட்டும். கேட்டவர் "ஆமா, இதைத்தான் கேட்டேன்" என்று சொல்லும்வரை நகரக் கூடாது. அடுத்து ஒரு பக்கத்துக்கு மிகாத பகுதியைச் சத்தமாக வாசியுங்கள். பிறகு பதில். கடைசியில் ஒவ்வொரு எதிர்வாதத்துக்கும் தனித்தனி மறுமொழி. பொதுப் பதில் வந்ததுமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதால் இந்தக் கடைசிப் படி எப்போதும் விடுபடுகிறது.

ஃபாதர் முதலில் பேசினால் எல்லாரும் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிடுவார்கள், அவருக்குக் கடைசி 15 நிமிடம் போதும். திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலின் 'நம்பிக்கையும் பகுத்தறிவும்' (1998) சுற்றுமடலில் எண்ணிட்ட பத்திகள் 108. முதலிலிருந்து தொடங்கினால் முன்னுரையிலேயே ஆள் குறையும். 43-ஐயும் 48-ஐயும் எடுங்கள். அறிவைக் கைவிட்ட விசுவாசம் கட்டுக்கதையாகவோ மூடநம்பிக்கையாகவோ சுருங்கிப்போகும் ஆபத்தைப் பேசுவது 48. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' ஆவணத்தில் 36-ஐ வாசித்தால் அடிக்குறிப்பையும் பாருங்கள், கலிலேயோ பற்றிய நூல் ஒன்று அங்கே இருக்கிறது. 19-ஐயும் விடாதீர்கள். நாத்திகம் பிறப்பதில் விசுவாசிகளுக்கும் பங்குண்டு என்று சங்கமே சொல்லும் இடம் அது.

ஸ்டேட்டஸ் காவலர்:
நம்ம ஆட்கள் போடும் போஸ்டர்தான் என் தலைவலி. "எப்போதும் நற்செய்தி அறிவியுங்கள், தேவைப்பட்டால் சொற்களைப் பயன்படுத்துங்கள்" – அசிசி பிரான்சிஸ் பெயரில். எந்த நூலில் என்று ஒரு தங்கை கேட்டதும் குழுவில் மயான அமைதி. அவர் எழுத்துகளில் அந்த வாக்கியம் இல்லை. தன் சபைக்கு அவர் எழுதிய 1221 ஒழுங்குமுறையின் 17-ஆம் அதிகாரத்தில் சகோதரர்கள் செயலால் போதிக்கட்டும் என்று வருகிறது, கிட்டத்தட்ட அவ்வளவே. ஆவணப் பெயரும் பத்தி எண்ணும் இல்லாத மேற்கோளைப் பகிராதீர்கள். ஏஐ எண்ணோடு கொடுத்தாலும் வத்திக்கான் இணையதளத்தில் அந்த எண்ணைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

மெழுகுவர்த்தி:
வாசக மேசை அண்ணா, உங்கள் 20 நிமிடம் எல்லாக் கேள்விக்கும் பொருந்தாது. ஒரு கூட்டத்தில் தீமை பற்றிய எதிர்வாதம் ஓடும்போதே ஒருவர் எழுந்து வெளியே போனார். கொஞ்ச நாள் முன்புதான் தம்பியை அடக்கம் செய்தவர். நடத்தியவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ரெண்டாவது எதிர்வாதம்" என்றார். பைபிளில், பிள்ளைகளை இழந்து துடித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (2:13), வாதாடத் தொடங்கிய பிறகுதான் 42:7-இல் கடவுளிடம் திட்டு வாங்கினார்கள்.

வாசக மேசை:
அதற்காக அந்தத் தலைப்பையே எடுக்காமல் இருக்கச் சொல்கிறாயா?

மெழுகுவர்த்தி:
எடுங்கள் அண்ணா. ஒரு வாரம் முன்னாலேயே தலைப்பை அறிவித்துவிடுங்கள், வர வேண்டாம் என்று நினைப்பவர் வராமல் இருக்கட்டும். அக்குவினாஸுக்கு முன்னால் யோபு புலம்பும் 3-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். வாதத்தில் கலந்துகொள்ளாத ஒருவர் கதவுப் பக்கம் உட்காரட்டும், யாராவது எழுந்து போனால் கூடவே போக.