224, 250, 259: ஹைட்ரஜன் கணக்கில் எது சரி?

கேள்வி:
பிளஸ் ஒன் படிக்கிறேன். இரண்டு நாளாக ஒரே கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 0.243 கிராம் மெக்னீசியத்தைத் தேவைக்கு மேற்பட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, வரும் ஹைட்ரஜனை நீரின் கீழ்முக இடப்பெயர்ச்சி முறையில் 27 டிகிரி செல்சியஸில் பிடிக்கிறார்கள். மொத்த அழுத்தம் 750 மி.மீ. பாதரசம். கனஅளவு என்ன? 0.01 மோல் என்று 22.4 லிட்டரால் பெருக்கினேன், 224 மி.லி. வந்தது. அப்புறம் பிவி = என்ஆர்டி-யில் (அழுத்தம் × கனஅளவு = மோல் × வாயு மாறிலி ஆர் × கெல்வின் வெப்பநிலை) போட்டேன், 250 வந்தது. விடையில் 259 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா, நான் எங்கேயாவது கோட்டை விட்டேனா?

பதில் 1:
259 சரி. மோல் வரைக்கும் நீங்கள் போட்டதும் சரி: மெக்னீசியம் ஒரு மோலுக்கு 24.3 கிராம், அதனால் 0.01 மோல், Mg + 2HCl → MgCl₂ + H₂ என்ற சமன்பாட்டில் ஒன்றுக்கு ஒன்று, ஹைட்ரஜனும் 0.01 மோல். இந்த இடத்தில் வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் வேலையே இல்லை. மோலைக் கனஅளவாக மாற்றும்போதுதான் அவை உள்ளே வருகின்றன. 22.4 என்பது 273 கெல்வின், 1 வளிமண்டல அழுத்தத்துக்கு மட்டும். உங்கள் கணக்கோ 300 கெல்வினில் நடக்கிறது.

250 எப்படி வந்தது என்றால், 750-ஐ முழுக்க ஹைட்ரஜனுக்கே கொடுத்துவிட்டீர்கள். ஜாடிக்குள் நீராவியும் இருக்கிறதே! 27 டிகிரியில் அதன் அழுத்தம் 26.7 மி.மீ. கலவையின் மொத்த அழுத்தம் ஒவ்வொரு வாயுவின் அழுத்தத்தையும் கூட்டியது என்ற டால்டன் விதிப்படி அதைக் கழித்தால் ஹைட்ரஜனுக்கு மிஞ்சுவது 723.3 மி.மீ., அதாவது 0.952 வளிமண்டலம். இப்போது 0.01 × 0.0821 × 300 ÷ 0.952 போட்டுப் பாருங்கள், 0.259 லிட்டர் வரும். ஆர் மதிப்பு 0.0821 என்றால் அழுத்தம் வளிமண்டலத்தில், கனஅளவு லிட்டரில். 8.314 எடுத்தால் பாஸ்கல், கன மீட்டர். இரண்டையும் கலந்து போட்டு மதிப்பெண்ணைத் தொலைத்த பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

பதில் 2:
ஆய்வகத்தில் இதைச் செய்து பார்த்தால் 250-க்கும் 259-க்கும் நடுவில் உள்ள அந்த 9 மி.லி. மறக்கவே மறக்காது. மெக்னீசியம் ரிப்பன் மேல் படிந்திருக்கும் மங்கலான ஆக்சைடை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுத்தான் எடை போட வேண்டும், இல்லாவிட்டால் மோலே தப்பு. அளவு பார்க்கும் முன் குழாயை மேலும் கீழும் நகர்த்தி, உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டமும் தொட்டித் தண்ணீர் மட்டமும் ஒன்றாக நிற்கும்படி செய்யுங்கள். உள்ளே 13.6 செ.மீ. உயரமாக நின்றால் உள் அழுத்தம் 10 மி.மீ. பாதரசம் குறைந்துவிடும். நாங்கள் படித்தபோது இதை யாரும் சொல்லித் தரவில்லை, எல்லாருக்கும் வேறு வேறு விடை.

பதில் 3:
தம்பியோ தங்கையோ, ‘தேவைக்கு மேற்பட்ட’ என்ற சொல்லைச் சும்மா தாண்டிப் போகாதீர்கள். அதே கணக்கில் அமிலம் 0.3 மோலார் (லிட்டருக்கு 0.3 மோல்), 50 மி.லி. மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன வரும்? போட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
போட்டேன் அண்ணா. அமிலம் 0.015 மோல்தான் இருக்கிறது, 0.01 மோல் மெக்னீசியத்துக்கு 0.02 வேண்டும். அப்போது அமிலம்தான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்துபோய் வினையை நிறுத்துவது. ஹைட்ரஜன் 0.0075 மோல், நீராவியைக் கழித்துவிட்டுப் போட்டால் 194 மி.லி. மெக்னீசியம் 0.06 கிராம் மிஞ்சுகிறது. சரியா?

பதில் 3:
மிகச் சரி. அடுத்தது, 10 லிட்டர் நைட்ரஜனும் 24 லிட்டர் ஹைட்ரஜனும் முழுக்க வினைபுரிந்தால் அம்மோனியா எத்தனை லிட்டர்? எல்லாம் ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம். ஆர் தேவையே இல்லை, மோலுக்குக்கூட மாற்ற வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
கனஅளவு விகிதமே மோல் விகிதம், அவகாட்ரோ! ஒரு பங்கு நைட்ரஜனுக்கு மூன்று பங்கு ஹைட்ரஜன் சேர்ந்து இரண்டு பங்கு அம்மோனியா. அப்படியானால் ஹைட்ரஜன் 30 வேண்டும், 24தான் இருக்கிறது. அம்மோனியா 16 லிட்டர், நைட்ரஜன் 2 லிட்டர் மிச்சம்.