அட்ரோபின் சொட்டு நிறுத்தியும் குதிரையின் கண் பாப்பா சுருங்கவில்லை, பார்வை போய்விட்டதா?

மேலூர் செவலை:
வணக்கம். பந்தய வண்டிக்காக ஒரு செவலைக் குதிரை வளர்க்கிறோம். சோளத்தட்டை தின்னும்போது வலது கண்ணில் குத்திவிட்டது. கண்ணீர் கொட்டியது, இமையைத் திறக்கவே விடவில்லை. கால்நடை டாக்டர் வந்து சாயம் விட்டுப் பார்த்தார். கருவிழியில் கீறல் இருந்த இடம் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. ஆன்டிபயாடிக் சொட்டும், 1 சதவீத அட்ரோபின் சொட்டும் எழுதிக் கொடுத்தார். இப்போது சிவப்பு இல்லை, கண்ணீர் இல்லை, இமை நன்றாகத் திறக்கிறது. அட்ரோபினை டாக்டர் சொன்னபடி போன வாரமே நிறுத்தியாயிற்று.

ஆனால் பாப்பா விரிந்தபடியே நிற்கிறது. இடது கண்ணில் படுக்கைவாட்டில் நீளமாக, ஒடுங்கி இருக்கிறது. வலது கண்ணில் வட்டமாக, கண் முழுக்கக் கறுப்பாக இருக்கிறது. வெயிலில் கொண்டுவந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறது. வலது பக்கம் ஆள் வந்தால் மிரள்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ‘இது பூ விழப்போற கண்ணு’ என்கிறார். மருந்துக் கடையில் பாப்பாவைச் சுருக்கும் சொட்டு ஒன்று இருக்கிறதாம், விடலாமா? எங்கள் டாக்டர் வெளியூரில் இருக்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சோழவந்தான் லாயம்:
தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். எங்கள் மட்டக் குதிரைக்கும் இப்படித்தான் இருந்தது, மெதுவாகத் தானே சரியாகிவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். லத்தி ஒழுங்காகப் போடுகிறதா?

மேலூர் செவலை:
சொட்டு விட்ட நாட்களில் குறைவாகத்தான் போட்டது, அண்ணே. உருண்டையும் சிறியதாக, காய்ந்து இருந்தது. இப்போது பரவாயில்லை. கண் மருந்துக்கும் லத்திக்கும் என்ன சம்பந்தம்?

கால்நடை மருத்துவர், திருமங்கலம்:
நிறையவே சம்பந்தம் இருக்கிறது. கண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாப்பாவைச் சுருக்குவது கருவிழிக்குப் பின்னால் வளையமாக இருக்கும் ஒரு தசை. அதற்கு நரம்பிலிருந்து வரும் உத்தரவை அட்ரோபின் தடுத்துவிடும். தசை தளரும், பாப்பா விரியும். காயம்பட்ட கண்ணுக்குள்ளே தசை இறுகிப் பிடித்துக்கொள்வதால்தான் பாதி வலி. அந்தப் பிடிப்பும் இதில் விடும். இன்னொரு லாபமும் உண்டு. உள்ளே அழற்சி இருந்தால் சுருங்கிய பாப்பாவின் ஓரம் பின்னால் இருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். விரிந்து நின்றால் ஒட்டுவதற்கு வாய்ப்பு குறைவு. அதனால் உங்கள் டாக்டர் எழுதியது சரியான மருந்துதான்.

அழற்சி அதிகமாக இருக்கும் குதிரைக் கண்ணில் அட்ரோபின் சீக்கிரம் வேகம் இழக்கும். ஒரு நாளைக்குப் பல வேளை விட்டாலும் பாப்பா விரிய மறுக்கும். ஆறிவிட்ட கண்ணில் அதே மருந்து ஒரு வாரம், இரண்டு வாரம்கூட நிற்கும். சில குதிரைகளில் அதற்கு மேலும் போகும். சிவப்பும் கண்ணீரும் போன பிறகு பாப்பா விரிந்து நிற்பதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்வேன். பூ விழுவது என்பது கருவிழி வெளுப்பது. பாப்பா கறுப்பாக விரிந்திருப்பது வேறு.

மருந்துக் கடைக்காரர் சொல்லும் சொட்டு பைலோகார்பினாக இருக்கும். அதை விடவே விடாதீர்கள். காயம் ஆறிவரும் கண்ணில் அது தசையை மறுபடி இறுக்கி வலியையும் அழற்சியையும் கிளப்பிவிடும்.

இனி வயிறு. கண்ணில் விட்ட மருந்து அங்கேயே நிற்பதில்லை. குதிரையின் மூக்கை லேசாக விரித்து அடிப்பக்கம் பாருங்கள். தோலும் ஈரச் சவ்வும் சேரும் இடத்தில் துளையிட்டது போல ஒரு சின்ன வட்ட ஓட்டை தெரியும். கண்ணீர்க் குழாய் அங்கேதான் திறக்கிறது. அந்த வழியெல்லாம் மருந்து ரத்தத்தில் கலக்கும். அட்ரோபின் குடல் அசைவையும் மட்டுப்படுத்தும் மருந்து. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, பெருங்குடலோ மிகப் பெரியது. அங்கே அசைவு நின்றால் தீனி கட்டிக்கொள்ளும், வாயு ஏறும், சூலை என்னும் கடும் வயிற்று வலி வரும். கண் பிழைத்து வயிற்றில் உயிர் போவது நடக்கக்கூடிய விஷயம். அதனால் அட்ரோபின் ஓடும் குதிரைக்கு நான் கண்ணைவிட லத்தியைத்தான் அதிகம் விசாரிப்பேன்.

நல்ல குதிரை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை லத்தி போடும். விலாவுக்குப் பின்னால் காதை வைத்தால் இரண்டு பக்கமும் குடகுடவென்று சத்தம் கேட்க வேண்டும். தீனி குறைந்தாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, முன்னங்காலால் தரையைப் பறித்தாலோ, படுத்துப் புரண்டாலோ அட்ரோபினை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கும் போன் போடலாம். ஓய்வில் இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 இருக்கும். தாடைக்குக் கீழே விரல் வைத்துப் பாருங்கள். 60-ஐத் தாண்டினால் காலை வரை காத்திருக்கக் கூடாது.

சொட்டு விடாத கண்ணின் பாப்பாவும் விரிய ஆரம்பித்தால் மருந்து உடம்பில் அதிகமாக ஏறிவிட்டது என்று அர்த்தம். உங்களுக்கு இடது கண் ஒடுங்கியே இருப்பது நிம்மதியான செய்தி.

மேலூர் செவலை:
ரொம்ப நன்றி சார். பார்வை இருக்கிறதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

கால்நடை மருத்துவர், திருமங்கலம்:
ஓரளவுக்கு உண்டு. லாயத்தை இருட்டாக்கிவிட்டு வலது கண்ணில் டார்ச் அடியுங்கள். பாப்பா சுருங்காது, மருந்து கட்டிப்போட்டிருக்கிறது. ஆனால் வெளிச்சம் உறைத்து இமை சட்டென்று மூட வேண்டும். அதே நேரம் இன்னொருவர் இடது கண்ணைக் கவனிக்கட்டும். வலது கண்ணின் விழித்திரையும் நரம்பும் வேலை செய்தால் இடது பாப்பா கொஞ்சமாவது சுருங்கும். குதிரையில் இது மெதுவாகவும் லேசாகவும்தான் நடக்கும், உற்றுப் பார்க்க வேண்டும். கையை ஆட்டிப் பார்ப்பதானால் காற்று படாமல் ஆட்டுங்கள். காற்று பட்டால் குருட்டுக் கண்ணும் சிமிட்டும்.

கண் பரிசோதகர், அண்ணாநகர்:
நான் மனிதர்களின் கண் பார்ப்பவள். நம் ஊரில் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த எல்லோருக்கும் சொட்டு விட்டுக்கொண்டு மங்கலாக உட்கார்ந்த அனுபவம் இருக்கும். அது பெரும்பாலும் ட்ரோபிகாமைடு, சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அந்தக் கணக்கை அட்ரோபினுக்குப் போடாதீர்கள். மனிதர்களுக்கே அது ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். சொட்டு விட்ட கையோடு உங்கள் கண்ணைத் தொட்டால் உங்கள் பாப்பாவும் விரிந்துவிடும், சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தட்டை, வைக்கோல், நெல் உமி குத்திய கண்ணில் பூஞ்சைப் புண் வருவது இந்தப் பக்கம் நாங்கள் அதிகம் பார்ப்பது. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், மனிதர்களுக்கு வரும் அந்தப் புண்ணுக்கு வோரிகோனசோலைவிட நாடாமைசின் சொட்டுதான் நன்றாகக் கேட்டது. வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், புண் பரவும்.

கால்நடை மருத்துவர், திருமங்கலம்:
ஸ்டீராய்டு பற்றி அம்மா சொல்வது குதிரைக்கும் அப்படியே பொருந்தும். ஸ்டீராய்டு விட வேண்டுமென்றால் சாயம் விட்டுக் கீறல் முழுக்க மூடிவிட்டதைப் பார்த்த பிறகுதான்.

சோழவந்தான் லாயம்:
பாப்பா விரிந்திருக்கும்போதே உள்ளே வெள்ளை நூல் மாதிரி ஏதாவது நெளிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள் தம்பி. மாட்டுக் கொட்டத்தை ஒட்டிக் கட்டும் குதிரைக்குக் கொசு வழியாகக் கண்ணில் புழு வருவதுண்டு. இருந்தால் ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும்.

மேலூர் செவலை:
பார்த்தேன் அண்ணே, நூல் எதுவும் இல்லை. டார்ச் அடித்ததும் இமையை இறுக்கி மூடிக்கொண்டது. இடது பாப்பா லேசாக ஒடுங்கியதை என் தங்கச்சி பார்த்தாள். லத்தி ஈரமாக விழுகிறது. பகலில் புளியமரத்து நிழலில் கட்டி, முகத்துக்கு மெல்லிய வலைத்துணி போட்டிருக்கிறேன். வண்டி எப்போது பூட்டலாம் சார்?

கால்நடை மருத்துவர், திருமங்கலம்:
வலது பாப்பாவும் வெயிலில் இடதுபோல நீளவாக்கில் ஒடுங்கும் வரை பூட்டாதீர்கள். கண் கூசும் குதிரை ரோட்டில் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று சொல்ல முடியாது. பூட்டும் முன் உங்கள் டாக்டரை மறுபடி சாயம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு வாரத்தில் ஒடுங்காவிட்டாலோ, நடுவில் கருவிழி நீலம் பூத்தாலோ, கண்ணீர் திரும்ப வந்தாலோ திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். போகும்போது விட்ட சொட்டுகளின் பாட்டில்கள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப்போங்கள்.